தள்ளுபடியா, வஜாவா, ரெமிஷனா?

போன கட்டுரை பங்குச் சந்தை பற்றி. கொஞ்சம் வறட்சியாக இருந்தது என்று வகுப்பில் இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். இந்த முறை சரித்திரம். ஆனால் ராஜா ராணி இல்லை, ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: 'ரெமிஷன்'. அந்தச் சொல் நம்ம தூத்துக்குடிக் கரையில் என்னென்ன வேலை பார்த்திருக்கிறது என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காரவும் :-)

பி.காம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் முதலில் பிசினஸ் லா பேப்பரில் வரும். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 63. ஒருவர் தனக்கு வரவேண்டியதை முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. சட்டத்திலேயே உதாரணமும் இருக்கிறது: ஏ என்பவர் பி-க்கு 5,000 ரூபாய் தரவேண்டும், 2,000 கொடுக்கிறார், முழுக் கடனுக்கும் இது போதும் என்று பி வாங்கிக்கொள்கிறார், கடன் தீர்ந்தது. பிறகு பி மனம் மாறி மீதி 3,000-க்கு வழக்குப் போட முடியாது. நோட்டில் நாம் எல்லோரும் 'ரெமிஷன் = தள்ளுபடி' என்று எழுதிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போயிருப்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் இது செல்லாது. 1602-ல் பின்னல் என்பவர் வழக்கில் சொல்லப்பட்டு, 1884-ல் ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கில் பிரபுக்கள் சபையே உறுதி செய்த விதி அது. பெரிய தொகைக்குப் பதில் சின்னத் தொகை வாங்கினால் கடன் தீராது. ஆனால் பணத்தோடு ஒரு குதிரையோ பருந்தோ அங்கியோ சேர்த்துக் கொடுத்தால் தீரும்! வெள்ளைக்காரர் தன் ஊரில் வைத்துக்கொண்ட விதியை இங்கே சட்டம் எழுதும்போது விட்டுவிட்டார். விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் விட்டுக்கொடுத்ததுதான் என்ற எண்ணம் நமக்கு நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ.

சொல்லின் வேர் லத்தீன். திரும்ப அனுப்பு, விட்டுவிடு என்று பொருள். அதே வேரில்தான் 'ரெமிட்டன்ஸ்' என்ற சொல்லும் வருகிறது. வளைகுடாவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு அனுப்பும் பணமும், ஜெயிலில் இருக்கிறவருக்குக் கழிக்கப்படும் நாட்களும் ஆங்கிலத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தமிழில் அப்படி ஒரே சொல் இல்லை. இடத்துக்கு இடம் வேறு சொல்: நிலவரி என்றால் வஜா, கடன் என்றால் தள்ளுபடி, ஜெயில் என்றால் தண்டனைக் குறைப்பு, கோயில் நிலம் என்றால் இறையிலி, மாதா கோவில் என்றால் பாவ மன்னிப்பு. தாத்தா காலத்து ஆட்கள் 'மாப்பு' என்றும் சொல்வார்கள். உருது வழியாக வந்தது.

இந்தத் 'தள்ளுபடி' ஒரு விசித்திரமான சொல். விவசாயி 'கடன் தள்ளுபடி' என்று கேட்டால் இனிப்பு கொடுப்பார். அதே விவசாயி 'மனு தள்ளுபடி' என்று கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஜவுளிக்கடைக்காரர் ஆடி மாதம் போடுகிற தள்ளுபடியில் யாருக்கு லாபம் என்பது அவருக்கும் நமக்கும் தெரிந்த ரகசியம். மூன்றிலும் தள்ளுகிறார்கள், தள்ளப்படுவதுதான் வேறு.

சரி, கரைக்கு வருவோம்.

கொற்கை முத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பெரிப்ளஸ் என்ற நூலைச் சொல்வார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கத்திலிருந்த ஒரு கிரேக்க மொழி வியாபாரி எழுதிய கடல்வழிக் குறிப்பு. அதில் பாண்டியர் முத்துக்குளிப்பு பற்றி ஒரு வரிச் செய்தி உண்டு. பலர் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது அது. நாம் பெருமையாகச் சொல்லும் கொற்கை முத்து, ஒரு காலத்தில் கைதியின் மூச்சைப் பிடித்து எடுத்த முத்து. அத்தனை முத்து எடுத்தால் விடுதலை என்று ஏதாவது கணக்கு இருந்ததா? அந்த வியாபாரிக்கு முத்தின் விலைதான் முக்கியம், எழுதி வைக்கவில்லை.

பிற்காலத்தில் முத்துக்குளிப்பு பரதவர், முஸ்லிம் குளிகாரர்களின் தொழில் ஆனது. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவை மந்திரித்துக் கட்டுகிறவர்களுக்கு என்று எழுதியிருக்கிறார். (அவர்களுக்கு இந்தக் கரையில் பெயரே 'கடல்கட்டி'. ஐந்து சதவீத இன்சூரன்ஸ் பிரீமியம்!) அப்புறம் வந்த காலத்தில் வரியை எண்ணும் அலகு 'கல்'. குளிகாரர் காலில் மாட்டி இறங்கும் கல். ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று வரி. போர்த்துக்கீசியரும், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும் இப்படித்தான் கணக்கு வைத்தார்கள்.

இங்கேதான் நம் சொல் உள்ளே வருகிறது. எல்லாக் கல்லுக்கும் வரி கிடையாது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல் என்று வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. அந்தக் கல்லில் இறங்கும் ஆள் வேறு, வரி விலக்கு அனுபவிக்கிறவர் வேறு. தண்ணீருக்குள் இருக்கும்போது எல்லாக் கல்லும் ஒரே பாரம்தான். மேலே வந்து சிப்பியைக் கொட்டும்போதுதான் எது வரிக் கல், எது மானியக் கல் என்று தெரியும். யாருடைய தயவு யாருக்குச் சேர்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு கல்லும் போயிற்று, கணக்கும் போயிற்று.

இடையில் ஒரு செருப்புக் கதை. 1535-37 வாக்கில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். அப்போது இந்தக் கரையிலிருந்து வருடம் 4,000 பணம் போர்த்துக்கல் ராணிக்குப் போய்க்கொண்டிருந்தது. எதற்கு? ராணியின் செருப்புச் செலவுக்கு! விளையாட்டு இல்லை, கணக்கில் தலைப்பே அதுதான். அதை இந்தக் கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விடவேண்டும் என்று சேவியர் ராணி கத்தரீனாவிடம் கேட்டு வாங்கினார். வரி குறையவில்லை, கட்டுகிறவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் லிஸ்பன் போன பணம் கரைக்கே திரும்பியது. திருப்பி அனுப்பு என்ற அந்த லத்தீன் வேருக்கு நேரான அர்த்தத்தில் பார்த்தால், இந்தக் கரையில் நடந்த மிகச் சுத்தமான 'ரெமிஷன்' இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே சபை இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தத்தையும் கொண்டுவந்தது. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற பாதிரியார் இந்தக் கரையின் தமிழைக் கற்று, 1578-ல் தம்பிரான் வணக்கத்தையும், 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கான 'கொம்பெசியொனாயரு'வையும், 1586-ல் அடியார் வரலாறையும் அச்சேற்றினார். தமிழில் அச்சான ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று, செய்த தப்பை எப்படிச் சொல்வது, எப்படி மன்னிப்பு வாங்குவது என்பதற்கான கையேடு. கத்தோலிக்கக் கணக்கில் பாவத்தின் குற்றம் மன்னிக்கப்படுவது ஒன்று, அதற்கான தற்காலத் தண்டனை கழிக்கப்படுவது வேறொன்று. இரண்டாவதைத்தான் பரிபூரண பலன் என்கிறார்கள். எங்கள் தெருவில் பனிமயமாதா திருவிழா சமயத்தில் பாட்டிமார் இதைச் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் தடுமாறுகிற இடம் இது. ஏன் என்று கீழே வரும்.

இப்போது நிலம். 'வஜா' என்ற சொல்லை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பழைய தாலுகா ஆபீஸ் தாள்களில் பார்க்கலாம். வரி வஜா. ரயத்துவாரி முறையில் விவசாயி நேராகச் சர்க்காருக்கு வரி கட்டவேண்டும். மழை பொய்த்தால்? வருடா வருடம் ஜமாபந்தியில் உட்கார்ந்து, இந்த வயலில் பயிர் சாவியாகப் போயிற்று, இந்த வயல் தண்ணீர் இல்லாமல் தரிசாகக் கிடந்தது என்று அடங்கலைப் பார்த்து வஜா கொடுப்பார்கள்.

ஆனால் பொதுவாக நஞ்சைக்குத்தான் வஜா, புஞ்சைக்குக் கிடையாது. காரணம் கேட்டால், புஞ்சை வானம் பார்த்த பூமி, மழை தவறும் என்று தெரிந்துதான் தீர்வையையே குறைவாகப் போட்டிருக்கிறோம், கெட்ட வருடம் அதற்குள்ளேயே அடக்கம் என்பார்கள். கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. நாங்கள் படிக்கும் பாஷையில் சொன்னால், ஐயக்கடன் ஒதுக்கு முன்பே போட்டாயிற்று, இப்போது தனியாக வாராக்கடன் எழுத முடியாது. ஆனால் தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒருவருக்கு வஜா உண்டு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசல்காட்டில் ஒருவருக்கு இல்லை என்று ஆகிறது. தண்ணீர் இருந்தவனுக்குத் தண்ணீர் தவறினால் ஆறுதல். தண்ணீரே இல்லாதவனுக்கு 'உனக்குத்தான் முன்பே தெரியுமே' என்ற பதில். பெரிய பஞ்சங்களில் இந்த விதி தளர்ந்தது. சாதாரணக் கெட்ட வருடங்களில் தளரவில்லை. சராசரி என்ற கணக்கு இருக்கிறதே, அது பத்து வருடம் பிழைத்துக் கிடப்பவனுக்குத்தான் சரியாக வரும். மூன்றாம் வருடத்தில் மாட்டை விற்றவனுக்கு வராது.

வஜா கிடைப்பது கர்ணம் அடங்கலில் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் பேனா ஊரில் எவ்வளவு கனமானது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 1980-ல் தமிழகத்தில் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

ஓட்டப்பிடாரம் என்றதும் நீங்கள் எதிர்பார்த்த ஆள் வருகிறார். வ.உ.சிதம்பரம் பிள்ளை, பிறப்பு 5 செப்டம்பர் 1872. (ஒப்பந்தச் சட்டம் வந்ததும் 1872-தான். சும்மா சொன்னேன்.)

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தூத்துக்குடி–கொழும்பு பாதையில் அதுவரை ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். தள்ளுபடியை ஆயுதமாக எடுப்பது இன்றைய ஆன்லைன் கடைகள் கண்டுபிடித்தது அல்ல நண்பர்களே. பெரிய முதலாளிக்கு ஒரு வருட நஷ்டம் தாங்கும், பங்கு 25 ரூபாய் போட்டவருக்குத் தாங்காது.

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: ராஜத் துரோகத்துக்கு ஒரு ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள், இரண்டும் நாடு கடத்தல். பள்ளிக்கூடத்தில் 'நாற்பது வருடம்' என்று படித்திருப்போம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 57, தண்டனையைப் பின்னமாகக் கணக்கிடும்போது ஆயுள் நாடு கடத்தலை இருபது வருடமாக எடுத்துக்கொள் என்கிறது. இருபதும் இருபதும் நாற்பது. ஆனால் அந்த விதி பின்னக் கணக்குக்கு மட்டும்தான். ஆயுள் என்றால் ஆயுள்தான், அரசு குறைத்தால் ஒழிய உயிர் உள்ளவரை என்று சுப்ரீம் கோர்ட் 1961-ல் கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது. 'ஆயுள் என்றால் 14 வருடம்' என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

வ.உ.சி.யின் அப்பீலில் சென்னை ஹைகோர்ட் 1908 நவம்பரில் தண்டனையை ஆறு வருடமாக்கியது. அந்தமான் போகவில்லை, கோவைச் சிறை, பிறகு கண்ணூர். செக்கு இழுத்தது கோவையில். 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 1908 ஜூலையிலிருந்து ஆறு வருடம் என்றால் 1914 ஜூலை ஆகவேண்டும். சுமார் நாலரை வருடத்தில் வெளியே வந்திருக்கிறார்.

இங்கே சொற்களைப் பிரித்துக்கொள்வோம், பாட்டிமார் பிரிப்பது போல. ஹைகோர்ட் குறைத்தது ரெமிஷன் அல்ல. அது தீர்ப்பையே திருத்துவது. ஒரு வகைத் தண்டனையை வேறு வகையாக மாற்றினால் அதற்குத் தனிப் பெயர், 'கம்யூட்டேஷன்'. தூக்கை ஆயுளாக்குவது போல. மன்னிப்பு என்றால் குற்றமே துடைக்கப்படுகிறது. ரெமிஷன் என்றால் குற்றவாளி குற்றவாளிதான், தண்டனையும் அதேதான், நாட்கள் மட்டும் கழிகின்றன. 1894-ம் வருட சிறைச் சட்டத்திலேயே நன்னடத்தைக்கு மார்க் போட்டுத் தண்டனையைக் குறைக்க விதி செய்ய இடம் இருந்தது. ஜெயிலிலும் இன்டெர்னல் மார்க்!

நாட்கள் கழிந்தன, மற்றது கழியவில்லை. கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் என்னென்னவோ வியாபாரம் செய்து பார்த்தார். பிறகு ஈ.எச்.வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் இறந்தார். எந்த ஆட்சியை எதிர்த்தாரோ அதே ஆட்சியின் ஒரு நீதிபதி பெயரை வீட்டுக்குள் வைத்துக் கூப்பிட்டார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்பெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கும். இப்போது இல்லை. சர்க்கார் கொடுத்தது விதிப்படி வந்த குறைப்பு. வாலஸ் கொடுத்தது ஒரு மனிதர் செய்த காரியம். நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டும்.

உப்பு ஊர்க்காரன் என்பதால் 1931-ஐத் தாண்டிப் போக முடியாது. உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து காந்தி–இர்வின் ஒப்பந்தம். அதில் அபராதம் பற்றி ஒரு பகுதி உண்டு: இன்னும் வசூலாகாத அபராதங்கள் ரெமிட் செய்யப்படும், வசூலான அபராதங்கள் திருப்பித் தரப்படமாட்டா. இதைப் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. ஒழுங்காக அபராதம் கட்டியவனுக்குப் பணம் போயிற்று. கட்டமாட்டேன் என்று நின்றவனுக்கு இல்லை என்று ஆயிற்று. சத்தியாக்கிரகத்தின் பாடமே அதுதானே என்று கேட்டால் பதில் இல்லைதான் :-)

இதே கேள்வி இன்றும் ஒவ்வொரு கடன் தள்ளுபடியின்போதும் வரும். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகள். அப்போதும், நகையை விற்றுத் தவணை கட்டியவர்கள் 'எங்களுக்கு என்ன?' என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காகத் தள்ளுபடியே கூடாது என்று சொல்கிற பொருளாதாரப் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கம்பெனிகளின் கடனை வங்கி எழுதித் தள்ளும்போது அவர்கள் குரல் இவ்வளவு உயர்வதில்லை. அதிலும் ஒரு நுணுக்கம். 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 41(1)-படி, செலவாகக் காட்டிய ஒரு வியாபாரப் பாக்கியைக் கடன்காரர் ரெமிட் செய்தால் அது நம் வருமானம், வரி உண்டு. ஆனால் மூலதனச் சொத்து வாங்கிய கடன் தள்ளுபடியானால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2018-ல் மஹிந்திரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளவும்.

இனி துறைமுகம். 1974-ல் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் வ.உ.சி. பெயர் வைக்கப்பட்டது. ஆயுள் தண்டனை பெற்ற வியாபாரியின் பெயரில் துறைமுகம். அங்கே ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கும் அண்ணன்மாரிடம் 'ரெமிஷன்' என்று சொன்னால் ஜெயில் நினைவுக்கு வராது, சுங்கச் சட்டம்தான் வரும். 1962-ம் வருடச் சட்டத்தில் பிரிவு 22: சரக்கு சேதமானால் தீர்வை குறையும். பிரிவு 23: சரக்கு வெளியே எடுக்கும் முன் தொலைந்தாலோ அழிந்தாலோ தீர்வை ரெமிட். இறக்குமதியாளரே 'எனக்கு இந்தச் சரக்கு வேண்டாம்' என்று உரிமையை விட்டாலும் தீர்வை இல்லை. திருட்டுப் போனால் பிரிவு 13, வேறு கணக்கு.

முக்கியமான விஷயம் அந்தப் பிரிவு 23-ல் இருக்கும் வினைச்சொல். அதிகாரி ரெமிட் செய்'யலாம்' என்று இல்லை, செய்'யவேண்டும்' என்று இருக்கிறது. சரக்கு அழிந்ததை நிரூபித்துவிட்டால் அது உரிமை, யார் காலிலும் விழவேண்டாம். ஆனால் பக்கத்திலேயே, பழைய 1963-ம் வருட பெருந்துறைமுகச் சட்டத்தின் பிரிவு 53-ஐப் பாருங்கள் (2021-ல் புதுச் சட்டம் வந்து அது போய்விட்டது): சிறப்புச் சூழ்நிலையில், காரணத்தை எழுதி வைத்து, போர்டு கட்டணத்தை ரெமிட் செய்'யலாம்'. அது தயவு. ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே கன்டெய்னருக்கு இரண்டு ரெமிஷன்: ஒன்றைக் கேட்டு வாங்கலாம், மற்றதை வேண்டித்தான் வாங்கவேண்டும்.

உலக வர்த்தகத்திலும் இந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. ஏற்றுமதிக்கு நம் அரசு கொடுத்த சலுகைகளை அமெரிக்கா எதிர்த்து, 2019 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் குழு அவற்றில் பலவற்றை மானியம் என்று தீர்ப்பளித்தது. பிறகு 2021 ஜனவரி 1 முதல் புதுத் திட்டம், 'ரோடெப்'. அதன் முதல் எழுத்தே ரெமிஷன்தான். ஏன் இந்தச் சொல்? மானிய ஒப்பந்தத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது: ஏற்றுமதிப் பொருளின் மேல் விழுந்த வரியை, விழுந்த அளவுக்கு மிஞ்சாமல் ரெமிட் செய்தால் அது மானியம் ஆகாது. அதாவது 'கொடுக்கிறேன்' என்றால் தப்பு, 'உன்னிடம் எடுத்ததைத் திருப்பித் தருகிறேன்' என்றால் சரி. ராணியின் செருப்புப் பணம் நினைவுக்கு வருகிறதா?

ஜெயிலுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் கவர்னருக்கு அரசியல் சட்டம் 161-ல், அரசுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 432-ல் (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 473). 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டித் தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். பேரறிவாளன் விஷயத்தில் அமைச்சரவை 2018-ல் பரிந்துரை செய்தும் கவர்னர் மாளிகையில் தாள் நகரவில்லை. 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட் தன் 142-வது பிரிவு அதிகாரத்தில் விடுவித்தது. 2024 ஜனவரி 8-ல் அதே கோர்ட் பில்கிஸ் பானு வழக்கில் குஜராத் அரசு கொடுத்த ரெமிஷனை ரத்து செய்து, பதினொரு பேரையும் திரும்ப உள்ளே போகச் சொன்னது. சட்டத்தின் நிலை இதுதான்: ரெமிஷன் கைதியின் உரிமை அல்ல, ஆனால் தன் மனு விதிப்படி பரிசீலிக்கப்படுவது அவன் உரிமை. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்யவேண்டும்' என்பதற்கும் நடுவில் ஒரு இடம் அது. எத்தனை பேர் அந்த நடுவிடத்திலேயே வயதாகிப் போனார்கள் என்பது தனிக் கட்டுரை.

கடைசியாக, 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அம்பாரம் அம்பாரமாக ஓலை மூடி வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. இயற்கைச் சீற்றத்தில் அழிந்த சரக்கு, பிரிவு 23-ன் வாசகத்துக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. உப்பு வரி 1947-லேயே போய்விட்டது. வரி இல்லாத இடத்தில் கழிக்க ஒன்றும் இல்லை. உப்பளத்தில் வாரும் அக்காமாருக்கு அதைவிடக் கம்மி. அவர்கள் பேரில் கடன் பத்திரமும் இல்லை, தீர்வையும் இல்லை. போனது தினக்கூலி மட்டும். ரெமிஷன் கிடைக்கவேண்டும் என்றால் முதலில் எதையாவது கட்டவேண்டியவராக இருக்கவேண்டும். அவர்களுக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள், 'நிவாரணம்'. உப்பு விளையாத மழை மாதங்களுக்காக வருடம் 5,000 ரூபாய், 2022-ல் தொடங்கியது.

அடுத்த கட்டுரை செமஸ்டர் முடிந்தபிறகு. வகுப்பு நண்பர்கள் யாராவது பிரிவு 63-க்கு நோட்ஸ் கேட்டால், மேலே முதல் இரண்டு பாராவைத் தாண்டி எதுவும் எழுதிவிடாதீர்கள், மார்க் வராது.